வடக்கே ஒரு தென்னை

வான்படம் பிடிக்கத் தொலைகாட்டி வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது என்பது. கண் வைக்கிற இடத்தில் கமரா ஏறி உட்கார்ந்துவிடும். இதை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டார்:

"அப்ப வெள்ளிய ஆரு பாக்கிற?"

"கமரா பார்க்கும்."

"மறுகா நீங்க என்னத்துக்கு?"

கமராவைப் பார்த்துக்கொள்ள, என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அரிசி களையப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை முழுக்க மனைவியை மரியாதையாகவே குறிப்பிடுவேன். மட்டக்களப்பு வழக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும்; ஆண் அங்கே போய்க் குடியிருப்பான். கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே நான் குடியிருக்கிற வளவு மனைவியுடையது, அதற்கு முன் மாமியுடையது, அதற்கும் முன் மாமியின் தாயுடையது. மேலே இருக்கிற ஆகாயம் மட்டும் யாருடைய உறுதியிலும் எழுதப்படவில்லை என்பதால் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

தொலைகாட்டியைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பொழுதுபோக்கின் முதற்படி என்று எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பொழுதுபோக்கு, மற்றதெல்லாம் மேகம். அரசாங்கக் கணக்குக் கிளையில் தலை நரைத்தவன் நான். மூன்று விலைமனு இல்லாமல் ஒரு தும்புத்தடிகூட வாங்கிப் பழக்கமில்லை. ஆகவே ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாரித்தேன். நிரல்கள் கூடிக் கூடி அது மேசையை விட்டு வெளியே போனது.

விளையாட்டுச் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்து விற்கிற, பெட்டியில் 525 மடங்கு என்று அச்சடித்த தொலைகாட்டியை முதல் நாளே வெட்டிவிட்டேன். வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான பெருக்கத்தின் எல்லை. 60 மில்லிமீற்றருக்கு 120 மடங்கு. அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெருக்கும். படம் பிடிக்கிறவனுக்கோ மடங்கே கணக்கில்லை. அவனுக்கு வேண்டியது குவியத்தூரம் குறைந்த, வாய் அகன்ற குழாய். சிறிது நேரத்தில் அதிக ஒளி விழவேண்டும், அகலமான வானம் அகப்பட வேண்டும்.

அதே காசுக்கு 150 மில்லிமீற்றர் ஆடி பூட்டிய தெறிப்புத் தொலைகாட்டி கிடைக்கும் என்று அட்டவணை சொன்னது உண்மை. ஆனால் அதன் வாய் திறந்தே கிடக்கும். ஆடிகளை அடிக்கடி நேர்ப்படுத்த வேண்டும். எங்கள் வீட்டில் திறந்த வாயுள்ள எந்தப் பொருளிலும் ஒரு மாதத்துக்குள் பல்லி முட்டையிட்டுவிடும். முறிவுத் தொலைகாட்டி அடைத்த குழாய். முன்னால் வில்லை, பின்னால் கமரா, நடுவில் யாருக்கும் இடமில்லை. 60 மில்லிமீற்றர் விட்டம், 360 மில்லிமீற்றர் குவியத்தூரம். ஒரு கையால் தூக்கலாம், அலுமாரிக்குள் சேலைகளுக்குப் பின்னால் படுக்க வைக்கலாம். இந்தக் கடைசித் தகைமைக்கு நான் நிறையப் புள்ளி கொடுத்திருந்தேன்.

அடுத்து கண்ணாடி. ஒற்றை வில்லை எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. நீலம் ஓரிடத்தில் நிற்கும், சிவப்பு வேறிடத்தில். பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வளையம் படரும். இதற்குப் பரிகாரமே கிடையாது என்று முடிவு கட்டித்தான் நியூற்றன் ஆடி பக்கம் போனார். 1730-களில் செஸ்டர் மூர் ஹோல் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், இருவகைக் கண்ணாடியில் இரண்டு வில்லை செய்து சேர்த்தால் நிறங்கள் கூடிவிடும் என்று கண்டார். இரகசியம் வெளியே போகக்கூடாதென்று ஒரு வில்லையை ஒரு பட்டறையிலும் மற்றதை இன்னொரு பட்டறையிலும் ஒப்படைத்தார். இரண்டு பட்டறைக்காரரும் தங்களுக்கு நேரமில்லையென்று வேலையை வெளியே கொடுத்தார்கள். இருவரும் கொடுத்தது ஜோர்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம். அவர் இரண்டையும் ஒட்டிப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது. கடைசியில் 1758-இல் காப்புரிமை எடுத்தவர் ஜோன் டொலண்ட்.

இந்தக் கதையை வாசித்த பிறகும் நான் குழாயைக் கந்தோர் விலாசத்துக்கும் தாங்கியை வீட்டு விலாசத்துக்கும் வரவழைத்தேன். தாங்கியைக் கொண்டுவந்த பையன் வாசலில் நின்று மனைவியிடம், "ஐயாட மற்றப் பெட்டியக் கந்தோர்ல குடுத்திட்டன் அக்கா" என்றான். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் கழிந்தும் பாஸ் உயிரோடுதான் இருக்கிறார்.

நிறம் பற்றிய இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதாரண இரட்டை வில்லையில் ஊதா கொஞ்சம் மிஞ்சும். நிறச்சிதறல் குறைந்த விசேடக் கண்ணாடி போட்டால் அது ஏறத்தாழ மறையும். ஜப்பானில் உருக்கி எடுக்கிற எஃப்பிஎல் 53 என்ற கண்ணாடிக்கு இந்த உலகத்தில் பக்தர்கள் உண்டு. விலை இரண்டு மடங்கு. அந்தச் செலவுக்கு நியாயம் காட்ட, சாதாரணக் கண்ணாடியில் எடுத்த படத்தையும் விசேடக் கண்ணாடியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனைவிக்குக் காட்டினேன். அவர் இரண்டையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு ஊதா படர்ந்ததைத் தொட்டார். "இதுதான் வடிவு. மற்றது வெறிச்சோடிக் கிடக்கு."

நான் இப்படி நிரல் கூட்டிக்கொண்டிருந்த காலம் 2022-இன் தொடக்கம். மார்ச் முதல் வாரத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபாய். மே மாதத்தில் முந்நூற்று அறுபது. என்னுடைய நிதானத்தின் விலையை நாட்டின் மத்திய வங்கியே தினமும் அறிவித்துக்கொண்டிருந்தது. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஊர் முழுக்க எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க, கல்லடி விறாந்தையில் நின்றபடியே வானம் நிறைய நட்சத்திரம் பார்த்தேன். பாலத்தில் விளக்கில்லை, றோட்டில் விளக்கில்லை. படம் பிடிக்க அதைவிட நல்ல வானம் கல்லடிக்குத் திரும்ப வரப்போவதில்லை. என் கையில் இருந்தது அட்டவணை. போர்க்காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வருடக்கணக்காக மின்சாரமில்லாத ஊர்கள் இருந்தன. அந்த வானத்தை அன்று யார் அண்ணாந்து பார்த்தார்கள்? பார்த்தவர்கள் வேறு எதற்கோ பார்த்தார்கள்.

கடைசியில் என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குழாயை முதன்முதல் கூரைச் சிலாப்புக்குக் கொண்டு ஏறியபோது பக்கத்து வளவு முதியவர் வேலிக்கு அப்பால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இதத் தோளில வைக்காம, கையில புடிச்சிக்கிட்டுப் போங்க." எங்களூரில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் இந்தப் புத்தி இயல்பாகவே வரும். அன்றிலிருந்து நான் அதைக் குழந்தைப் பிள்ளையைத் தூக்குகிற முறையில்தான் தூக்குகிறேன்.

இனித் தாங்கி. சிறு தொலைகாட்டி பற்றி எழுதுகிறவர்கள் குழாயைப் பத்துப் பக்கம் புகழ்ந்துவிட்டுத் தாங்கியை ஒரு வரியில் முடிப்பார்கள். படத்தைத் தீர்மானிப்பது தாங்கிதான். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் ஒரு செக்கனுக்கு 15 விகலை நகருகிறது. என் 360 மில்லிமீற்றர் குழாயில், என் கமராவில், அது செக்கனுக்கு ஏழு புள்ளி. இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். ஆகவே தாங்கி பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக ஓர் அச்சை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சுழலவேண்டும். அந்த அச்சு வான் துருவத்தைக் குறிபார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் அதற்கு மிக அண்மையில், ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால் அதைப் பார்த்துப் பூட்டினால் போதும் என்று புத்தகம் சொல்கிறது.

புத்தகத்தை எழுதியவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்தவர். அவருக்குத் துருவம் நாற்பது ஐம்பது பாகை உயரத்தில், அண்ணாந்தால் தெரிகிற இடத்தில் நிற்கும். ஓர் ஊரின் அகலக்கோடு எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் துருவம் நிற்கும். மட்டக்களப்பின் அகலக்கோடு 7 பாகை 43 கலை. பல தாங்கிகளின் அளவுகோல் அவ்வளவு தாழ இறங்குவதே இல்லை. இறங்கினாலும் குழாய்க்கு எடை சமன் செய்கிற இரும்புத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். கடைசியில் நான் முக்காலியின் வடக்குக் காலைச் சுருக்கி, முழுத் தாங்கியையும் முன்னால் சரிய வைத்தேன். அது வடக்கு நோக்கிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவராவது, "ஐயா, அது விழப்போகுது" என்று ஓடிப்போய்ப் பிடிப்பார். அத்தோடு அன்றைய ஒழுங்கு முழுவதும் கலையும்.

சரித்தாயிற்று. இனித் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டும். ஏழே முக்கால் பாகை உயரத்தில், எங்கள் வளவின் வடக்கு எல்லையில், நேராக அந்த இடத்தில், மாமியின் தென்னை நிற்கிறது.

கணக்குக் கிளைக்காரன் கணக்குப் போடாமல் இருப்பானா? 15 மீற்றர் தென்னை அந்த உயரத்தை மறைக்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் 110 மீற்றர் தெற்கே போகவேண்டும். வளவு அங்கே முடிந்து, இன்னும் நாலு வளவு தாண்டி, ஒரு தையல் கடைக்குள் நிற்பேன். கிழக்கே நகர்ந்தால் மாமரம். மேற்கே நகர்ந்தால் நீர்த்தாங்கி. சிலாப்பில் ஏறினால் ஓலை கண்ணுக்கு நேரே வருகிறது.

மாமி என்னோடு நேரே பேசுவதில்லை. கோபமில்லை, மரியாதை. சொல்லவேண்டியதை மகளிடம் சொல்லுவா. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். தென்னை விஷயமும் அந்த வழியாகவே மேலிடத்துக்குப் போனது. முழு மரத்தையும் நான் கேட்கவில்லை, இரண்டு மூன்று ஓலையைக் கழித்தால் போதும் என்றுதான் மனு.

"புள்ள, மருமகனுக்குச் சொல்லு. நீ பிறந்த வருசம் நான் வெச்ச மரம் அது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்கே விழாத மரம், மருமகன்ட குழாய்க்கா விழப்போகுது?"

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் மட்டக்களப்பின் தென்னந்தோப்புகள் படுத்ததை இவ்வூரில் கேள்விப்படாதவர் இல்லை. தப்பி நின்ற மரங்களுக்குக் குடும்பங்களில் ஒரு தனி அந்தஸ்து உண்டு. மருமகன்களுக்கு அது கிடைப்பதில்லை.

நான் விடவில்லை. மரத்துக்குப் பின்னால் இருப்பது சாதாரண வெள்ளியல்ல, துருவ நட்சத்திரம், எல்லா வெள்ளியும் அதைச் சுற்றித்தான் வருகின்றன என்று மனைவி மூலம் எடுத்துரைத்தேன். மாமி பாக்கை வெட்டி முடித்துவிட்டுக் கேட்டா:

"அது காய்க்குமா எண்டு கேளு."

காய்க்காது. அதோடு வழக்கு முடிந்தது.

பிறகுதான் தெரிந்தது, துருவத்தைப் பார்க்காமலே அச்சைப் பூட்ட வழி இருக்கிறதென்று. வானத்தில் திறந்திருக்கிற ஏதாவது ஒரு பக்கத்தில், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி மூன்று படம் பிடிக்கவேண்டும். மென்பொருள் அந்த மூன்று படத்திலுமுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எங்கே பார்க்கிறது, எவ்வளவு பிசகு என்று சொல்லிவிடும். அடிவானத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் காற்று மண்டலம் துருவத்தை ஆறேழு கலை உயர்த்திக் காட்டும் என்பதால் நேரே பார்த்துப் பூட்டுவதைவிட இதுவே எங்களூருக்கு நல்லது. தென்னை நின்றபடி நிற்கிறது. தன்னுடைய நியாயத்தை விஞ்ஞானமும் ஏற்றுக்கொண்டுவிட்டதாக மாமி அயலில் சொல்லியிருக்கிறா.

கருவி சரியானாலும் நாள் சரிவர வேண்டுமே. மங்கலான வான்பொருளைப் பிடிக்க நிலவு கூடாது. இலங்கையிலோ பௌர்ணமி தோறும் போயா, அரசாங்க விடுமுறை. மாதத்தில் எந்த இரவு எனக்கு உதவாதோ அதற்கு மறுநாள் காலை கந்தோருக்குப் போகவேண்டிய கவலையில்லாமல் நான் விழித்திருக்கலாம் என்று அரசு ஒழுங்கு செய்திருக்கிறது. எங்கள் வாவியும் பௌர்ணமிக் கட்சி. கல்லடிப் பாலத்தடியில் நிலவு காலத்தில் ஓடத்தில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதோடு வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். அந்தப் பாட்டைக் கேட்கப் பல நாட்டவரும் வந்திருக்கிறார்கள். அமாவாசைக்கு இங்கே யாரும் வருவதில்லை.

அமாவாசை என்றால் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு, விரதம், நேரத்தோடு படுக்கை. அன்று இரவு ஆம்பிளை ஒருவன் தனியே இருட்டில் நிற்பதை எந்தக் குடும்பமும் விரும்பாது. "காத்துக் கறுப்பு பட்டா ஆரு பாக்கிற?" என்பது மாமியின் கேள்வி, வழமையான தபால் வழியில். இதில் ஆடி அமாவாசை விசேடம். வடகீழ்ப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரை எங்களை ஊறப்போட்டுவிட்டுப் போக, மேற்கே கொழும்பு மழையில் நனைகிற ஜூன், ஜூலை, ஓகஸ்டில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடித்து வானம் வெளுத்துக் கிடக்கும். பால்வீதியின் நடுப்பகுதி இரவு பத்து மணியளவில் தெற்கே 53 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனில் இருக்கிறவருக்கு அது பத்துப் பாகைகூட எழும்பாது. வருடத்தில் இப்படி ஒரு இரவு. அந்த இரவு விடிந்தால் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். பிதிர்க்கடன் செய்யவேண்டிய வீட்டு ஆம்பிளை விடிய நாலு மணிக்குக் குளித்து முழுகி நிற்கவேண்டும். நானும் நிற்பேன், குளிப்பேன், ஆனால் நித்திரை கொண்டிருக்க மாட்டேன். ஐயர் கோத்திரம் கேட்டபோது ஒருமுறை நான் தனுசு என்று சொல்லியிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவன் பிடிக்கவேண்டிய முதற்படம் ஒரையன் நெபுலா என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1880 செப்ரெம்பர் 30ஆம் திகதி ஹென்றி டிரேப்பர் முதன்முதலில் ஒரு நெபுலாவைப் படம் பிடித்ததும் அதைத்தான்; 11 அங்குல முறிவுத் தொலைகாட்டியில், ஏறத்தாழ 50 நிமிடம் திறந்து வைத்து. மட்டக்களப்பில் அது மாலையில் ஏறி உச்சந்தலைக்குக் கிட்ட வருகிற மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும். அந்த மாதங்களில் எங்களுக்கு உச்சந்தலையில் வேறொன்று விழும். செப்ரெம்பர், ஒக்ரோபரில் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பினால் பிடிக்கலாம். ஆகவே பால் வாங்க எழும்புகிற நேரத்துக்கு முதலே எழும்பி, பால் வாங்க மறந்து போகிற ஆளாக நான் மாறினேன்.

மேகத்தைப் பற்றி நான் முறைப்பாடு செய்வதில்லை. 1955 ஜூன் 20ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்துக்கு உலகத்து விஞ்ஞானிகள் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு இலங்கைக்கு வந்து காத்திருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு மேகம்தான் தரிசனம் கொடுத்தது. அவர்கள் கப்பலேறி வந்தார்கள். நான் படிக்கட்டு ஏறுகிறேன்.

ஒரு படத்துக்கு ஒரு தடவை அமுக்கினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். இரண்டு இரண்டு நிமிடமாக நூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். அது மட்டுமல்ல, கமரா தானாகவே உண்டாக்குகிற புள்ளிகளைக் கழிக்க, வில்லையை மூடிவிட்டு அதே இரண்டு நிமிடப் படங்கள் இன்னும் கொஞ்சம் எடுக்கவேண்டும். இந்தக் கட்டத்தில்தான் ஓர் இரவு மனைவி பிளேன்ரீயோடு சிலாப்புக்கு வந்தார்.

"மூடி போட்டிருக்கே?"

"ஓம்."

"மூடியப் போட்டுட்டு என்னத்தப் படம் புடிக்கிறீங்க?"

"இருட்டை."

அவர் ரீயைக் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

இத்தோடு தூசும் ஓர இருளும் போக, சீரான வெளிச்சத்தையும் படம் பிடிக்கவேண்டும். குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டி விடியற்கால வானத்தைக் காட்டுவது மலிவான முறை. எங்கள் வீட்டில் சுருக்கமில்லாத வெள்ளைத் துணி என்றால் பொங்கலுக்கு எடுத்த வேட்டி ஒன்றுதான். விடிய ஐந்தரைக்குச் சாரத்தோடு நின்று தொலைகாட்டிக்குப் பட்டு வேட்டி கட்டிவிடுகிற மனிதனை மீன் விற்கப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கோயில் காரியமாக்கும் என்று ஒருவர் தலைப்பாகையைக் கழற்றினார்.

பனியும் இருக்கிறது. வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். நடுச்சாமத்துக்குப் பிறகு வில்லையில் ஈரம் படியும். அதற்குச் சூடாக்குகிற பட்டி ஒன்று உண்டு, அதற்குப் பற்றறி ஒன்று உண்டு. வில்லையை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் காலநிலையில் அது கண்ணாடியைத் தின்றுவிடும். உலர்பொதி போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வைக்கவேண்டும். குசினியில் மிளகாய்த்தூள் இருந்த பெரிய பெட்டி காணாமற் போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நிரூபிக்கப்படவில்லை. நட்சத்திரங்கள் கொஞ்சம் சிவப்பாக விழுந்த ஒரு மாதம் இருந்தது என்பது மட்டும் உண்மை.

தொலைகாட்டி இருக்கிற வீட்டுக்கு ஆட்கள் சனி பார்க்க வருவார்கள். நெபுலா பார்க்க யாரும் வருவதில்லை. கமராவைக் கழற்றிக் கண்வில்லை பூட்டினால்தான் காட்டலாம். படத்திலோ வளையமும் சேர்த்துச் சனி இருபது புள்ளி அகலம். சிறிய முறிவுத் தொலைகாட்டி கோளுக்கு உகந்ததல்ல என்று எத்தனை தரம் சொன்னாலும், ஏழரைச் சனி நடக்கிறவர்களுக்கு ஆளை நேரில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும். அப்படி அதிகம் பேர் வந்தது 2025-இல். சனியின் வளையம் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பூமிக்கு நேர் விளிம்பாகத் திரும்பும். அந்த வருடம் மார்ச்சில் அப்படித் திரும்பி, பிறகும் மாதக்கணக்காக ஒரு கீறலாகவே இருந்தது. வளையம் பார்க்க வந்தவர்கள் ஒரு மஞ்சள் பொட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் வடிவியல் விளங்கப்படுத்தத் தொடங்குமுன் திண்ணையிலிருந்து மாமியின் குரல் வந்தது:

"வளையத்த அடகு வெச்சிருப்பான். இந்தக் காலத்தில ஆருதான் வெக்கல்ல?"

எல்லாரும் திருப்தியோடு போனார்கள்.

கல்லடியில் பாலத்து விளக்கும் கடைத்தெரு விளக்கும் கூடிவிட்டதால் இருட்டைத் தேடிப் படுவான்கரைக்குப் போவதுண்டு. 2014-இல் திறந்த மண்முனைப் பாலத்தைத் தாண்டி, கொக்கட்டிச்சோலையையும் தாண்டினால் வயல்வெளி; அடிவானம் வரை தென்னையுமில்லை, மாமியுமில்லை. யானை இருக்கிறது. விளக்கும் யானையும் ஒரே இடத்தில் அதிகமாக இருப்பதில்லை என்பது இந்த மாவட்டத்து வானியலாளர் மனதில் கொள்ளவேண்டிய விதி. ஆட்டோவை அனுப்பிவிட்டு, தாங்கியைக் கும்பிட வைத்து, மூன்று படமெடுத்து அச்சைப் பூட்டி முடித்த நேரம் பரணில் காவலிருந்த விவசாயி இறங்கி வந்தார்.

"ஐயா, மேல பாத்தது காணும். அந்தப் பத்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க."

பத்தை அசைந்தது. அவர் யானை வெடி ஒன்றைக் கொளுத்தி எறிந்தார். பத்தை அடங்கியது, நானும் முக்காலியும் அடங்க இன்னும் நேரமெடுத்தது. அந்த இரவின் படங்களில் ஒன்றில் எல்லா நட்சத்திரமும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் துள்ளியிருக்கின்றன.

ஆனாலும் அந்த வயலில்தான் கரைனா நெபுலாவைப் பிடித்தேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கப்போவதில்லை. 7,500 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற அந்த முகில், ஒரையனைவிடப் பலமடங்கு பெரிது. நடுவிலிருக்கிற ஈற்றா கரைனே என்ற நட்சத்திரம் 1843-இல் பொங்கி, வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாகக் கொஞ்சக் காலம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து இதைப் பார்க்க முடியாது. லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர் 1750-களின் தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனைக்குப் போய்த்தான் பட்டியலில் சேர்த்தார். எங்களுக்கு ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கே 22 பாகை உயரத்தில், தென்சிலுவைக்குப் பக்கத்தில், இலவசம். புத்தகமும் தாங்கியும் வடக்கத்தியாருக்கு என்று செய்யப்பட்டிருக்கலாம். வானத்தின் தெற்குப் பாதியை எங்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒரு கிழமை இருந்து அடுக்கிச் செம்மைப்படுத்தி, சிவப்பும் நீலமுமாக அது வெளிப்பட்டதும் மனைவி பக்கக் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன். இலண்டனிலிருக்கிற மச்சான் ஒரு நிமிடத்தில் பதில் போட்டார்: "நல்லா இரிக்கி மச்சான். இதயும் பாருங்க." கூடவே அதே கரைனாவை ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி எடுத்து 2022 ஜூலையில் வெளியிட்ட படம். அதன் ஆடி 6.5 மீற்றர், செலவு ஆயிரம் கோடி டொலர். குழுவில் எல்லாரும் அதற்குக் கைதட்டல் போட்டார்கள். எனக்கு வந்தது ஒன்று, என் மகளிடமிருந்து. அதிலும் கொஞ்ச நேரம் கழித்து, யாரோ சொல்லிப் போட்ட மாதிரி.

மச்சானின் மகன் விடுமுறைக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு சீஸ்ரார் எஸ் 50 எடுத்தான். 50 மில்லிமீற்றர் வில்லை, 250 மில்லிமீற்றர் குவியத்தூரம், கமரா, தாங்கி, சூடாக்கி எல்லாம் ஒரே பெட்டிக்குள். அதைத் தென்னைக்கு அடியில் வைத்தான், போனைத் தட்டினான். அது தானே வானத்தைப் பார்த்து, தானே அடையாளம் கண்டு, பிட்டு அவிகிற நேரத்துக்குள் ஒரு நெபுலாவைப் போனில் காட்டியது. துருவம் தேவையில்லை, கும்பிடத் தேவையில்லை, அட்டவணை தேவையில்லை. மனைவி போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என் குழாயைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மகளுக்கு வாற தையில் கலியாணம். வழக்கப்படி இந்த வீடும் வளவும் தென்னையும் அவளுக்குப் போகும்; நாங்கள் வேறு வளவு பார்க்கவேண்டும். காணித் தரகரோடு நானும் மனைவியும் போகிறோம். மனைவி கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார், பக்கத்து வீட்டாரின் குடி விசாரிப்பார், உறுதியை வாசிப்பார். நான் போனிலுள்ள திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வடக்கெல்லைக்குப் போய் நின்று, கையை நீட்டி மூடிய முட்டியை அடிவானத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு முட்டி ஏறத்தாழ பத்துப் பாகை. அந்த முட்டிக்குள் மரம் இல்லையென்றால் காணி நல்லது.

ஏறாவூருக்கு இந்தப் பக்கம் ஒரு காணி அப்படி அமைந்தது. வடக்கே வெறும் வெளி. முட்டியைப் பலதரம் வைத்துப் பார்த்தேன். எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டதைத் தரகர் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார்.

"நல்ல காணி ஐயா. வடக்கால இரிக்கிற வெளி முழுக்க விளையாட்டு மைதானம் ஆக்கப் போறாங்க. நாலு பக்கமும் பெரிய லைற் வருது. ராவையிலயும் பகல் மாதிரி இரிக்கும்."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பையைத் திறந்து முற்பணத்தை எண்ணத் தொடங்கியிருந்தார்.